மூன்று அங்குலக் கல்

சுதந்திரம் வந்த காலத்தில், மைசூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் முனிசிபாலிட்டியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். என் வீடு மைசூரில், சாமுண்டிபுரத்தில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன்.

மராமத்துப் பிரிவில் எனக்கு வேலை. தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய், குப்பை வண்டிக்குச் சக்கரம், சாக்கடைக்குக் கல், பள்ளிக்கூடத்துக்கு ஓடு என்று முனிசிபாலிட்டி எது வாங்கினாலும் அதற்கான டெண்டர் காகிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். விளம்பரத்தை எழுதுவது, வந்த டெண்டர்களை வரிசைப்படுத்தி ரேட் பட்டியல் தயாரிப்பது, உத்தரவு டைப் அடிப்பது. முடிவு செய்வது மட்டும் என் வேலை இல்லை. அது எங்கே நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வந்த உறைகளைத் தலைமை குமாஸ்தா ஒரு துணிப்பையில் போட்டுப் பிரசிடெண்டின் வீட்டுக்கு எடுத்துப் போவார். மறுநாள் அவை பிரிக்கப்பட்டுத் திரும்பி வரும். மூன்று டெண்டர் இருந்தால் மூன்றும் ஒரே கையெழுத்தில் இருக்கும். ஒரே மையில் கூட. நான் அவற்றை மூன்று வெவ்வேறு ஆட்களின் டெண்டராகப் பட்டியலில் எழுதுவேன். ஒவ்வொரு முறையும் ரேட் குறைவாக இருப்பது ஒரே காண்ட்ராக்டருடையதுதான்.

அந்தக் காண்ட்ராக்டர் கெட்ட முகம் கொண்ட ஆள் இல்லை. சிரித்துப் பேசுவார். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை நினைவு வைத்துக்கொண்டு விசாரிப்பார். பன்னிரண்டு வருஷமாகச் சாக்கடைக் கல் போடுகிறவர் அவர்தான். சாக்கடையை மூடுகிற பலகைக் கல்லை அங்கே சப்படி என்பார்கள். ஒப்பந்தத்தில் சப்படி மூன்று அங்குலக் கனம் இருக்க வேண்டும். போட்டதெல்லாம் இரண்டு அங்குலம், சில இடங்களில் அதற்கும் குறைவு.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூட வீதியில் தயிர் விற்க வந்த ஒரு பெண்ணின் காலடியில் கல் உடைந்தது. தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டாள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மைசூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். அந்தக் கால் பிறகு சரியாகவே இல்லை. உடைந்த கல்லை ஒருவர் கவுன்சில் கூட்டத்துக்கே கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் கத்தினார்கள்.

அப்போதுதான் புதிதாக ஒரு சீஃப் ஆபீசர் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கூட்டம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் பேச்செல்லாம் கன்னடம்தான். நினைவில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

"டெண்டர் விஷயம் எல்லாம் உங்க கையிலதானே இருக்கு? இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று கேட்டார்.

எட்டு வருஷ சர்வீஸில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "எழுதித் தரேன் சார்" என்றேன். பதினைந்து நாள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் எழுதினேன். என் மனைவி அதற்கு முன்னால் என்னை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாள்.

நான் எழுதியது பெரிய விஷயம் இல்லை. டெண்டரை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வராந்தாவில் இருக்கும், அதில்தான் போட வேண்டும். ஒரு சாவி சீஃப் ஆபீசரிடம், இன்னொன்று எதிர்க்கட்சி மெம்பர் ஒருவரிடம். சொன்ன நாளில் காலை பதினோரு மணிக்கு, போட்டவர்கள் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து, ரேட்டை உரக்கப் படிக்க வேண்டும். விளம்பரம் மைசூர் பத்திரிகையில் வர வேண்டும். கடைசியாக ஒன்று: எந்தப் பொருள் வாங்கினாலும் ஒரு மாதிரியை அரக்கு முத்திரை வைத்து ஆபீசில் வைத்திருக்க வேண்டும். வருகிற சரக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'மாதிரியிலிருந்து எவ்வித வேறுபாடும் அனுமதிக்கப்படாது' என்று அந்த விதி முடிந்தது.

சீஃப் ஆபீசர் அந்த வரியில் பென்சிலை வைத்து நிறுத்தினார். "கல், ஓடு மாதிரி சாமான்ல கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமே. கால் அங்குலம், அரை அங்குலம் விட்டுடலாமா?"

"விட்டா அதுவே வழியாயிடும் சார்" என்றேன். "இப்ப இரண்டு அங்குலம் போடறவன் அப்ப ஒன்றரை போடுவான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கவுன்சிலிலும் நிறைவேறியது. தயிர்க்காரியின் கால் அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது.

பெட்டியை நான்தான் மைசூரில் செய்யச் சொல்லி ரயிலில் கொண்டு போனேன். முதல் விளம்பரம் சப்படிக் கல்லுக்கு. விளம்பரம் வந்து ஒரு வாரம் ஆகியும் புதிதாக ஒருவரும் விசாரிக்க வரவில்லை. பத்திரிகை படிக்கிறவர்கள் கல் உடைப்பதில்லை, கல் உடைக்கிறவர்கள் பத்திரிகை படிப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு மூன்று மைல் தள்ளி ஒரு பாறைக் குன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை விளம்பரத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடந்து போனேன்.

குன்றின் அடியில் எட்டுக் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தார்கள். ராமாபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கமெல்லாம் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா, மைசூர் ராஜ்யத்தில் சேரவில்லை. அவர்களுக்குப் பெரியவராக நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கை கால் முழுக்கக் கல்தூசி. இடது கண்ணில் எப்போதோ சில்லு தெறித்து வெள்ளை விழுந்திருந்தது. இத்தனை வருஷமும் அந்தச் சிரித்த முகக் காண்ட்ராக்டருக்குக் கல் வெட்டிக் கொடுத்தவர்களே இவர்கள்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"ரெண்டு அங்குலத்துக்குத்தானுங்க அவரு கேப்பாரு. நாங்க என்னங்க பண்றது? கேட்டதை வெட்டிக் குடுத்தோம்" என்றார்.

விளம்பரத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"எங்களுக்கெல்லாம் குடுப்பாங்களாங்க சாமி?"

"யார் முகத்தையும் பாக்கப் போறதில்லை. பெட்டியில போடற காகிதத்தைத்தான் பாப்போம். ரேட் குறைச்சலா இருந்தா உங்களுக்குத்தான்."

"அந்தக் காண்ட்ராக்டரு கோவிச்சுக்குவாருங்களே."

"அவர் கோவிச்சுண்டா என்ன? இப்ப ரூல் வந்துடுத்து" என்றேன்.

இதை நான் சொன்னபோது என் குரலில் இருந்த நிச்சயம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. டெபாசிட் கட்ட அவர் வண்டி மாடுகளை அடகு வைத்தார். அதை எனக்குச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது.

பெட்டி திறந்த அன்றைக்கு ஹாலில் கூட்டம். இரண்டு சாவியும் வந்தன. ஐந்து உறைகள் இருந்தன. நான்கு ஒரே கையெழுத்து. சீஃப் ஆபீசர் அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக மேஜைமேல் வைத்தபோது யாரோ பின்னால் சிரித்தார்கள். ஐந்தாவது உறையில் இருந்தது குன்றுக்காரரின் டெண்டர். சந்தையில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் எழுதி வாங்கியிருந்தார். கைநாட்டு. ரேட் எல்லோரையும் விடக் குறைவு. உரக்கப் படித்தார்கள். காண்ட்ராக்டர் எழுந்து வந்து குன்றுக்காரரின் தோளைத் தட்டி, "நல்லாப் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை ரயிலில் எனக்கு உட்காரவே தோன்றவில்லை. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு மைசூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

குன்றுக்காரர் மாதிரிக் கல் ஒன்று கொண்டு வந்தார். மூன்று அங்குலம், நான்கு ஓரமும் சீராகக் கொத்தியது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்திருப்பார். அரக்கு வைத்து வராந்தாவில் சாத்தினோம்.

அடுத்த மாதமே சீஃப் ஆபீசருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேலிடத்தில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ரயிலடியில் வழியனுப்பப் போனேன். "நீங்க இருக்கீங்களே, பாத்துக்குங்க" என்றார். அவருக்குப் பதில் ஆள் வரும் வரைக்கும் தலைமை குமாஸ்தாவே பொறுப்பைப் பார்த்தார்.

முதல் நடைக் கல் வந்த அன்று, சரக்கைப் பார்த்து எடுக்க வேண்டிய எங்கள் மராமத்து ஓவர்சியர் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். எட்டு வருஷத்தில் அவர் ஸ்கேல் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லையும் நிறுத்தச் சொல்லி, நான்கு ஓரத்திலும் நடுவிலும் அளந்தார். கையால் வெட்டின கல். நடுவில் மூன்றேகால் இருக்கும், ஓரத்தில் ஒரு இடம் இரண்டே முக்காலாக இருக்கும். அதன்மேல் பாரம் ஏற்றிய வண்டியே போகலாம். ஓவர்சியர் அளந்து அளந்து, "வேறுபாடு இருக்கு" என்று சொல்லி, ஒரு சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். நாற்பது கல்லில் தேறியது ஆறு.

நான் வெளியே போய், "இது நல்ல கல்லுதானே சார்" என்றேன்.

"நல்ல கல்லுதான்" என்றார் அவர். "ஆனா ரூல் அப்படி இருக்கே. எவ்வித வேறுபாடும் கூடாதுன்னு போட்டிருக்கே." அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அல்லது செய்தது எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் நடையும் அப்படியே. மூன்றாம் நடைக்குக் குன்றுக்காரர் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு கொத்திக் கொண்டு வந்தார். அதில் பாதி தேறியது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. கழித்த கல்லை ஏழு நாளில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று ஒரு பழைய ஷரத்து. எட்டுக் குடும்பமும் மூன்று மாதம் வெட்டின கல் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தது. ஏழாவது நாள் யாரோ ஒரு வியாபாரி லாரியோடு வந்து, வெறும் ஜல்லி விலைக்கு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனான். குன்றுக்காரர் எடுத்துப்போக வழி இல்லாமல் கொடுத்துவிட்டார்.

ஒப்பந்தம் ரத்தாயிற்று. மீதி வேலையைப் பழைய காண்ட்ராக்டருக்கே கொடுத்தார்கள். அதற்கு விதியில் இடம் இருந்தது. பத்தே நாளில் அவர் பள்ளிக்கூட வீதி முழுவதும் சப்படி போட்டு முடித்துவிட்டார். ஆபீசுக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் நடப்பேன். ஒரு கல்லின் மூலையில் கோழிக்கால் மாதிரி ஒரு உளிக் குறி இருந்தது. அடுத்ததில் இரண்டு புள்ளி. அதற்கடுத்ததில் ஒரு வளைவு. கூலி பிரிப்பதற்காக ஒவ்வொரு குடும்பமும் தான் வெட்டின கல்லில் தன் குறியைப் போடும் என்று குன்றுக்காரர் எனக்குக் காட்டியிருக்கிறார். இரண்டு கல்லில் ஓவர்சியர் போட்ட சுண்ணாம்புப் பெருக்கல்கூட முழுக்க அழியாமல் இருந்தது.

அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதினேன். நிராகரித்த அதே கல் அதே ஓவர்சியரால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது, பரிசோதிக்க வேண்டும் என்று. இரண்டு நாள் கழித்துப் பிரசிடெண்ட் கூப்பிட்டனுப்பினார். குறிப்பு அவர் மேஜைமேல் இருந்தது. உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

"இதை மேலே அனுப்பணும்னா அனுப்பறேன்" என்றார். "எனக்கொண்ணும் இல்லை. ஆனா அவங்க முதல்ல என்ன கேப்பாங்க, யோசிச்சீங்களா? நீங்களும் தமிழர், அந்தக் கல்லுக்காரனும் தமிழன். விளம்பரத்தை எடுத்துக்கிட்டு அவன் குடிசைக்கு நீங்களே போயிருக்கீங்க. பாத்தவங்க இருக்காங்க. டெண்டர் பாக்கற குமாஸ்தா டெண்டர் போடறவன் வீட்டுக்கு எதுக்குப் போனார்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

எங்கள் குடும்பம் மேல்கோட்டைப் பக்கம் வந்து எத்தனை தலைமுறை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. நாங்கள் வீட்டில் பேசும் தமிழ் குன்றுக்காரருக்குப் பாதி புரியாது, அவர் பேசுவது என் மனைவிக்குப் பாதி புரியாது. ஆனால் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்.

"உங்களுக்கு ரெண்டு பெண்கள் இல்லையா?" என்று கேட்டார் பிரசிடெண்ட். மிரட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார்.

குறிப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே, டெபாசிட் பறிமுதல் என்றும், ஐந்து வருஷத்துக்கு எந்த டெண்டரும் போடக் கூடாது என்றும் குன்றுக்காரருக்கு ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. டைப் அடித்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மைசூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். யாரிடம் விசாரித்தாரோ. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசற்படியில் ஓரமாக நின்றார். மனைவி மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"கன்னடத்துல இருக்குதுங்க. என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் டைப் அடித்த கடிதத்தை நானே அவருக்குப் படித்துச் சொன்னேன். முடிந்ததும், "அப்ப மாடு போயிருச்சுங்க" என்றார். அப்போதுதான் அடகு விஷயம் எனக்குத் தெரியும்.

மோரைக் குடித்துவிட்டு, "ஒண்ணு கேக்கறனுங்க. அந்த வேறுபாடு கூடாதுங்கற ரூலு, அது யாருங்க எழுதினது? கல்லு வேலை தெரிஞ்ச ஆளா இருக்க முடியாதுங்களே" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். கவுன்சில் எழுதியது என்று சொன்னாலும் பொய் ஆகாது.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "உங்க மாதிரி ஆளுக்கு நல்லது நடக்கணும்னுதான் எழுதினேன்."

அவர் என்னையே பார்த்தார். அந்த வெள்ளை விழுந்த கண் எதைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரிங்க" என்றார். "தெரியாம எழுதியிருப்பீங்க." மோர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பின பிறகு மனைவி கேட்டாள். "கல்லை எல்லாம் ஒரே மாதிரி வெட்ட முடியுமோ? நான் வாக்கற தோசையே ஒண்ணைப் போல ஒண்ணு வரதில்லையே. எழுதறச்சே என்னைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேனே."

அவள் குத்திக்காட்டவில்லை. ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

குன்றுக்காரர் பெயரில் ஜில்லா அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். என் கையெழுத்துத் தெரியக் கூடாது என்று என் பெரிய பெண்ணை எழுதச் சொல்லி, அவருக்கு அனுப்பிக் கைநாட்டு வாங்கித் தபாலில் சேர்த்தேன். அந்த மனுவில் குறி விஷயம், சுண்ணாம்பு விஷயம் எல்லாம் இருந்தது. ஒன்பது மாதம் கழித்து ஆபீசுக்குப் பதில் வந்தது. கோப்பைப் பார்வையிட்டதில் எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது, இந்த முனிசிபாலிட்டியின் டெண்டர் விதிகள் மற்ற ஊர்களும் பின்பற்றத் தக்கவை என்று எழுதியிருந்தார்கள். அதன்பிறகு நாலைந்து ஊர்களிலிருந்து விதியின் நகல் கேட்டுக் கடிதம் வந்தது. கார்பன் வைத்து நான்தான் நகல் எடுத்து அனுப்பினேன்.

ஒரு முயற்சி செய்தேன். கல், ஓடு, மரம் ஆகியவற்றுக்கு அரை அங்குலம் வரை வேறுபாடு அனுமதிக்கலாம் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஓவர்சியரின் அபிப்பிராயம் கேட்டார்கள். "விட்டால் அதுவே வழியாகிவிடும்" என்றார் அவர். எதிர்க்கட்சி மெம்பர்கூடத் தலையாட்டினார். திருத்தம் விழுந்தது.

மறு வருஷம் சப்படிக் கல்லுக்கு மறுபடி விளம்பரம் கொடுத்தோம். பெட்டியில் ஒரே ஒரு உறை இருந்தது. சரியாகப் பதினோரு மணிக்கு இரண்டு சாவியும் வந்து, முறைப்படி திறந்து, உரக்கப் படித்தார்கள். ரேட் முந்தைய வருஷத்தை விட அதிகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பட்டியல் தயாரித்தேன். ஒரே ஒரு வரி.

அதற்குப் பிறகு பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார்கள். ரிட்டையர் ஆகும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

குன்றின் அடியில் குடிசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ராமாபுரத்துக்கே திரும்பினார்கள் என்று சிலர் சொன்னார்கள். எங்கேயோ அணைக்கட்டு வேலைக்குப் போனார்கள் என்று சிலர். இரண்டு மூன்று வருஷம் கழித்து, மைசூரில் ரயிலடிக்கு நடந்து போகும்போது, ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். குன்றில் பார்த்த முகம். குன்றுக்காரரின் தம்பி மனைவி.

அவர் எங்கே என்று கேட்டேன்.

"அவரு போயிட்டாருங்க" என்றாள்.

"எங்கே போயிட்டார்?"

"தெரியாதுங்க. ஒரு நா காலையில வேலை தேடிட்டு வரேன்னு போனவரு. நெம்ப நாளாச்சுங்க." மடியில் கிடந்த ஜல்லிச் சில்லைத் தட்டிவிட்டாள். "அவரு சம்சாரம் அக்கா இப்ப எங்களோடதான் இருக்குது. உங்களைப் பத்திச் சொல்லுவாருங்க. படிச்சுக் காட்டினவருன்னு."

கையில் சுத்தியோடு நின்றாள். மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். ரயிலுக்கு இன்னும் அரை மணி இருந்தது.